பதினெட்டே கிலோமீட்டர்

உட்காருங்க தம்பி. அங்கே யாரும் இல்லை, என் பைதான், எடுத்துவிடுகிறேன். நான் உட்காரமாட்டேன். காலையில் எட்டு மணிக்கு இந்தப் படகுத்துறைக்கு வந்தேன், இன்னும் உட்காரவில்லை. தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தது, அதனால்தான் கூப்பிட்டேன். எந்த ஊர் உங்களுக்கு? விருதுநகரா? விருதுநகருக்கு எத்தனை லோடு துவரை இறக்கியிருக்கிறேன் தெரியுமா. எல்லாம் நாக்பூர்த் துவரை. எனக்குச் சங்ககிரி. பெயர் அத்தியப்பன். நாற்பத்துநாலு வருசம் லைன் லாரி ஓட்டினவன்.

கப்பல் பதினொரு மணிக்கு என்றார்கள். இப்போது கடல் சரியில்லை, ஒரு மணிக்குச் சொல்கிறோம் என்கிறார்கள். கடலுக்கு என்ன கேடு? நன்றாகத்தானே இருக்கிறது. இருங்க, அந்தக் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்.

ஒன்றும் தெரியாதாம். தெரியாததைச் சொல்வதற்கு ஒரு ஆள், அவனுக்கு ஒரு நாற்காலி.

அதோ, கடலைப் பார்த்துப் போட்டிருக்கிற சிமெண்டு பெஞ்சில், கடுகு நிறச் சேலை. சட்டென்று திரும்பிப் பார்க்காதீங்க. அவள்தான் என் சம்சாரம், பாவாயி. நேற்று மத்தியானத்திலிருந்து என்னோடு பேச்சில்லை. பேசாமல் இருப்பது எங்களுக்குப் புதிது இல்லை. நான் கல்கத்தா லைனில் இருந்தபோது பதினெட்டு நாள், இருபது நாள் பேசினதில்லை, அப்போது போன் ஏது. ஆனால் இது வேறு. "சென்னையில எறங்கி, மேகலா வூட்டுக்குப் போறதா உங்ககூட ஊருக்கு வர்றதான்னு அப்பச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வாயை மூடினவள்தான்.

மேகலா எங்கள் மகள். தாம்பரத்தில் இருக்கிறாள். அம்மாவுக்கென்று ஒரு அறையைக் காலி பண்ணி, கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டாள். போட்டோ அனுப்பியிருந்தாள், பார்த்தேன். ஒற்றைக் கட்டில்.

நாளைக்கு மத்தியானம் போர்ட் பிளேயரில் விமானம். ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை. அதற்குள் இவள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அறுபத்தாறு வயதில் தனி ஆளாகப் போய் அந்த வீட்டுப் பூட்டைத் திறக்கச் சொல்கிறாளா?

அப்படி நான் என்ன தப்புப் பண்ணினேன்? இடம் காட்டினேன். அது ஒரு தப்பா?

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். போன வருசம் வரைக்கும் சொந்த வண்டி வைத்திருந்தேன், பத்துச் சக்கரம். ஒரு கண் டாக்டர், சின்னப் பையன், இடது கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இனி ஹெவி வண்டி வேண்டாம்" என்று எழுதிவிட்டான். பெரியவராம். இன்றைக்கும் அரை கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற வண்டி அசோக் லேலண்டா டாட்டாவா என்று சொல்வேன். அவன் பெயரை மறக்கவில்லை. வண்டியை விற்றேன். வீட்டுக்கு வந்தேன். வீட்டில் என்ன இருக்கிறது? சுவர் இருக்கிறது. அதனால் ஒரு பழைய கார் வாங்கி, தினமும் பாவாயியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பவானி போனோம். கொல்லிமலை போனோம். ஏற்காட்டுக்கு ஒரே மாதத்தில் நாலு தடவை போனோம். எந்தப் புருசன் பண்ணுவான்?

அப்புறம் அவளுக்கு வயிற்றில் ஆபரேசன். நாலு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. இளநீர் வேண்டும் என்றாள், பதினாறு கிலோமீட்டர் போய் வாங்கி வந்தேன். "ஆஸ்பத்திரி வாசல்லயே விக்கிறாங்களேப்பா, நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்" என்கிறாள் மகள். வாசலில் விற்பதெல்லாம் இளநீரா? எட்டு நாளில் கார் அறுநூறு கிலோமீட்டர் ஓடியிருந்தது. அத்தனையும் அவளுக்காக.

இந்தத் தீவுப் பயணம் மாப்பிள்ளை ஏற்பாடு. "அத்தைக்கு ஓய்வு வேணும் மாமா. அஞ்சு நாள் போயி கடலைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருந்துட்டு வாங்க. நீங்களும்தான்." அந்த 'நீங்களும்தான்' இருக்கிறதே, அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மனதில் வைத்திருக்கிறேன்.

வந்தோம். நல்ல அறை. முன்னால் சின்னத் தாழ்வாரம், இரண்டு பிரம்பு நாற்காலி, இருபது அடியில் மணல், அப்புறம் கடல். பாவாயி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். "உக்காருங்க" என்றாள். நான், "இரு புள்ள, மொதல்ல வண்டிக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினேன். வண்டி இல்லாமல் ஒரு ஊரில் எப்படி இருப்பது? விசாரித்ததில் ஒரு வங்காளி பழைய ஆம்னி வேன் வைத்திருந்தான். "இந்த வயசில் ஓட்டுவீங்களா அங்கிள்?" என்று இந்தியில் கேட்டான். நான் இந்தியிலேயே பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உங்கள் வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருக்கும்போது சொல்லமுடியாது. சாவியைக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். நல்ல ரோடு தம்பி. இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு, வானத்தை முட்டுகிற மரங்கள். ஏழு இடத்தில் கடல் தெரிகிறது, நான் எண்ணினேன். "அந்தப் பக்கம் பாரு, இந்தப் பக்கம் பாரு" என்று காட்டிக்கொண்டே போனேன். நாலாவது இடத்தில், "நிறுத்துங்க, எறங்கிப் பாக்கலாம்" என்றாள். அது சரிவு. சரிவில் வண்டியை நிறுத்துகிறவன் டிரைவர் இல்லை. "பாத்துகிட்டே போலாம் புள்ள" என்றேன். அவள் சொல்கிறாள், "பாத்துகிட்டே போறது பாக்கறது இல்லீங்க." எங்கே கற்றுக்கொண்டாள் இந்தப் பேச்சு? டி.வி.யில்தான்.

அப்படியே போகிறேன், போகிறேன், திடீரென்று ரோடு முடிந்துவிட்டது.

சிரிக்காதீங்க. நான் நாற்பத்துநாலு வருசம் ஓட்டியிருக்கிறேன். ஒரு ரோடு இன்னொரு ரோட்டில் போய்ச் சேரும். அது இன்னொன்றில் சேரும். கவுகாத்தி போனாலும் அதற்கு மேல் ஒரு ரோடு இருக்கும். இங்கே தார் நின்றது, மணல் வந்தது, ஒரு டீக்கடை, ஒரு நாய், அவ்வளவுதான். டீக்கடைக்காரனிடம், "இதுக்கு மேல?" என்று கேட்டேன். "கடல்" என்றான். மீட்டரைப் பார்த்தேன். பதினெட்டே கிலோமீட்டர். திரும்பி வந்து இன்னொரு பக்கம் போகிற ரோட்டில் போனேன். அது ஆறு கிலோமீட்டரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் முடிந்தது. அறைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. மொத்தத் தீவும் முடிந்துபோயிற்று. இன்னும் நாலு நாள் கிடக்கிறது.

நீங்களாக இருந்தால் என்ன பண்ணுவீங்க? சாயங்காலம் மறுபடி ஒரு தடவை போனோம். காலையில் வெளிச்சம் வலது பக்கம் இருந்து வரும், சாயங்காலம் இடது பக்கம், வேறு ரோடு மாதிரியே இருக்கும். பாவாயிக்கு அது தெரியவில்லை. "இதே மரந்தானே காலையில பாத்தம்" என்கிறாள்.

அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டுவிட்டாள். மகள் என்னைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, "அப்பா, காலையில சுத்துங்க, மத்தியானத்துக்கு மேல அம்மாகூட உக்காருங்க, பாதிக்குப் பாதி" என்றாள். சரி என்றேன். நான் ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொண்டதுதான். மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். பாவாயிக்கு ஒரே சந்தோசம். முறுக்கு எடுத்து வைத்தாள்.

உட்கார்ந்தால் என்ன ஆகிறது சொல்லுங்க. கடல் வருகிறது. போகிறது. மறுபடி வருகிறது. மறுபடி போகிறது. கிளீனர்ப் பையன் வண்டி கழுவுகிற மாதிரி. ஒரு மீன்காரன்கூட அந்தப் பக்கம் வரவில்லை. எனக்குக் கால் கிளட்ச்சைத் தேடுகிறது. "டயர்ல காத்து கம்மியா இருக்கிற மாதிரி இருந்துச்சு, பாத்துட்டு வந்துர்றேன்" என்று எழுந்தேன்.

"பத்து நிமிசம். எங்கூட பத்து நிமிசம் உக்காருங்க" என்றாள்.

"உக்காந்துட்டுத்தானே இருந்தேன்."

"மூணு நிமிசந்தான் ஆச்சு. நாப்பத்தொரு வருசத்துல நாம ரெண்டு பேரும் சும்மா ஒரு எடத்துல உக்காந்தது எத்தனை தடவ சொல்லுங்க பாப்போம்."

நான் சும்மா விடுவேனா? "கல்யாணத்தன்னைக்கு மணவறையில ரெண்டு மணி நேரம் உக்காந்தமே" என்றேன்.

"அன்னைக்கும் லோடு ஏத்தி வாசல்ல வண்டி நின்னுட்டு இருந்துச்சு. ஐயரு மந்திரம் சொல்றப்ப நீங்க வாசலைத்தான் பாத்துட்டு இருந்தீங்க."

வெங்காய லோடு தம்பி. இரண்டு நாள் தாமதித்தால் அழுகிப்போகும். இதையெல்லாம் நாற்பத்தொரு வருசமாகவா மனதில் வைத்திருப்பார்கள்? எனக்கெல்லாம் அப்படி எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

இருங்க, டீ வருகிறது. உங்களுக்கும் ஒன்று. தம்பி, ஒரு உதவி. இந்த டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுங்க. நான் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

என்ன சொன்னாள்? வாங்கிக்கொண்டாளா? "காலையில இருந்து அவரு நின்னுட்டே இருக்காரு, மொதல்ல அவரைக் குடிக்கச் சொல்லுங்க" என்றாளா? பார்த்தீங்களா, நான் நிற்பதில்கூடக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முதுகு இந்தப் பக்கம் இருக்கிறது, எப்படித்தான் தெரியுமோ.

நேற்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நேற்றுக் காலையில் கிளம்பலாம் என்றால், "நீங்க போயிட்டு வாங்க, நான் வரல" என்றாள். இதுவரை அப்படிச் சொன்னதில்லை. ஊரில் தினமும் கூப்பிட்டபோதெல்லாம் வந்து ஏறினவள். ஆபரேசன் தையல் பிரிக்காதபோதுகூட, வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்தவள். சரி போ என்று நான் தனியாகப் போனேன். முக்கால் மணியில் திரும்பியிருக்கலாம். கடைசிவரை போனேன், டீ குடித்தேன், நாய்க்கு ஒரு பன் வாங்கிப் போட்டேன், திரும்பினேன். பாதி வழியில் என்னமோ தோன்றி மறுபடி கடைசிக்கே போனேன். பக்கத்து சீட்டு காலியாக இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிற மாதிரி இருக்கிறது. வீல் அலைன்மெண்ட் சரியில்லை. வங்காளிக்கு அதையெல்லாம் பார்க்க ஏது நேரம். அப்படி இப்படி என்று இரண்டரை மணி நேரம்.

வந்து பார்த்தால் தாழ்வாரத்தில் ஆள் இல்லை. அறையில் இல்லை. மணலில் பார்க்கிறேன். அவள் செருப்பு. பக்கத்தில் சேலை மடித்து வைத்திருக்கிறது. அதன் மேல் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றினால் இவளுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆள்கூடத் தெரியாது.

சேலையை யாராவது மடித்து வைத்துவிட்டுப் போவார்களா? அது எப்போது செய்கிற காரியம்?

நான் ஓடினேன். பேண்டு, சட்டை, மணிபர்சு எல்லாவற்றோடும் தண்ணீருக்குள் ஓடினேன். மார்பு வரை வந்துவிட்டது. அப்புறம் பார்க்கிறேன், தள்ளி அந்தப் பக்கம், பாறைக்கு உள்பக்கமாக, அலை இல்லாத இடத்தில் பாவாயி மல்லாந்து படுத்திருக்கிறாள். தண்ணீர் மேல். நைட்டியோடு. கண் மூடியிருக்கிறது. ஓட்டலில் கூட்டிப் பெருக்குகிற ராஞ்சிக்காரப் பொம்பளை ஒருத்தி, பூல்மணி என்று பெயர், இவள் முதுகுக்குக் கீழே ஒரு கையை வைத்துத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். இவளுக்கு இந்தி தெரியாது. அவளுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் என்னமோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பூல்மணி கையை எடுத்துவிட்டாள். இவள் அப்படியே மிதக்கிறாள் தம்பி! எங்கள் ஊர்க் கிணற்றில்கூட இறங்காதவள். மிதந்துகொண்டு, "ஐயோ, ஐயோ" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

எனக்கு எப்படி இருக்கும்? கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. "வயித்த அறுத்துப் போட்ட ஒடம்ப வெச்சுகிட்டு உனக்குக் கூத்துக் கேக்குதா? செத்துக்கித்துத் தொலைஞ்சா உம் மகளுக்கு நானா பதில் சொல்றது? வெக்கமா இல்ல?" இப்படி. கரையில் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பூல்மணி என்னமோ சொல்ல வந்தாள், அவளையும் திட்டினேன். இந்தியில்.

பாவாயி தலையைத் துவட்டினாள். சேலையைக் கட்டினாள். கண்ணாடியைப் போட்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சென்னையில் சொல்கிறேன் என்றாள். கத்தியிருந்தால் பரவாயில்லை. அடுப்படியில் உப்புத் தீர்ந்துபோயிற்று என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

என்ன? பயந்துவிட்டேனா? யார், நானா? தம்பி, சிந்துவாடா மலை இறக்கத்தில் பிரேக் போய், முப்பது டன்னோடு கியரிலேயே இறக்கிக்கொண்டு வந்து நிறுத்தினவன் நான். இறங்கி பீடி பற்றவைத்தேன், தீக்குச்சி ஆடவில்லை. பக்கத்தில் இருந்த கிளீனர் பையன் வேட்டியை நனைத்துவிட்டான். பயமாம். சொல்லாமல் கொள்ளாமல் தண்ணியில் இறங்கினாளே என்று கோபம். அவ்வளவுதான்.

ஒரே ஒரு விசயம்தான் எனக்கே புரியவில்லை. கரைக்கு வந்து பார்க்கிறேன், என் இடது கையில் அவள் செருப்பு இருக்கிறது. இரண்டும். எப்போது எடுத்தேன், எதற்கு எடுத்தேன், தெரியவில்லை. மார்பளவு தண்ணீரில் அதையும் பிடித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறேன். விரலைப் பிரிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புதுச் செருப்பு. அலை அடித்துக்கொண்டு போய்விடுமே என்று எடுத்திருப்பேன்.

இல்லை, இதை அவளிடம் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது?

பொறுங்க. மைக்கில் என்னமோ சொல்கிறான். இந்தியில்தான். காற்று... அலை உயரம்... இன்றைக்குக் கப்பல் ரத்து. நாளைக்குக் காலை ஆறு மணிக்குத்தானாம். எல்லாரும் உச்சுக் கொட்டுகிறார்கள். உங்கள் வீட்டுக்காரம்மா உங்களை முறைக்கிறார்கள், கப்பலை நீங்கள் நிறுத்தின மாதிரி. நாளைக்கு மத்தியானம்தானே உங்களுக்கும் விமானம்? அப்போ பரவாயில்லை, போய்ச் சேர்ந்துவிடலாம்.

அவளைப் பாருங்க. யாரோ வந்து சொல்கிறார்கள். தலையாட்டுகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துச் சம்மணம் போடுகிறாள். கடலைப் பார்த்துக்கொண்டு, அவள் பாட்டுக்கு. இன்னும் ஒரு நாள் கிடைத்துவிட்டது என்கிற மாதிரி. நான் இங்கே இருக்கிறேனா இல்லையா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தாம்பரத்தில் அந்தக் கட்டிலில் இப்படித்தான் உட்காருவாள்.

நாளைக் காலை வரைக்கும் நான் என்ன பண்ணுவேன்? ஆம்னி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த வேப்ப மரம் மாதிரி ஒன்று தெரிகிறதே, அதன் கீழே நிற்கிறது. கப்பல் ஏறும்போது சாவியைச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னான் வங்காளி. இப்போது எடுத்தால் கடைசிவரை போய்விட்டு மூன்று மணிக்கு வந்துவிடலாம். மறுபடி ஒரு தடவை போனால் இருட்டிவிடும். அப்புறம் காலை. அப்புறம் கப்பல், விமானம், தாம்பரம். முடிந்தது.

உங்கள் குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், அறையை விட்டு வெளியே வரவில்லை என்றீங்களே. ஒன்றுமே பார்க்கவில்லையா? ஒன்றுமே? உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா? லைசென்ஸ் இருக்கிறதா?

இந்தாங்க. சாவி. அட பிடிங்க. அவன் என்னை அங்கிள் என்றான், இந்த வயசில் ஓட்டுவீங்களா என்றான். அவன் வண்டி ஏன் சும்மா நிற்க வேண்டும்? பெட்ரோல் பாதிக்கு மேல் இருக்கிறது. இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும், அவசரப்படாமல் தள்ளுங்க. இடது பக்கம் லேசாக இழுக்கும். ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு திருப்பம், ரோட்டில் மணல் கிடக்கும், அங்கே பிரேக் தொடாதீங்க. கடைசியில் டீக்கடை, இஞ்சி நன்றாகப் போடுவான். நாய் ஒன்றும் பண்ணாது. நாலாவதாகக் கடல் தெரிகிற இடத்தில் சரிவைத் தாண்டி ஓரம் கட்ட இடம் இருக்கிறது. நேற்றுத்தான் பார்த்தேன். வீட்டுக்காரம்மா நிறுத்தச் சொன்னால் அங்கே நிறுத்துங்க. சாயங்காலம் வரைக்கும் வரவேண்டாம். சீக்கிரமாக வந்துவிடாதீங்க, என்ன?

நான் என்ன பண்ணப்போகிறேனா? வண்டி இல்லாதவன் என்ன பண்ணுவான்? உட்காரத்தான் வேண்டும். அந்தப் பெஞ்சில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கும் என்று நினைக்கிறேன். எழுந்து போகச் சொன்னால் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கிளம்புங்க. நான் திருப்பிக் கேட்பதற்குள் கிளம்புங்க. ஒன்று மட்டும், தம்பி. அவள் முன்னால் ஓட்டிக்கொண்டு போகாதீங்க, பின்பக்கமாகச் சுற்றிப் போங்க. கிளட்ச் தேய்ந்துபோய் வண்டி நின்றுவிட்டது என்றுதான் அவளிடம் சொல்லப்போகிறேன்.